பட்டமா? நியமனமா?

(பட்டிமன்றத் தலைப்பு: ஒரு கல்லூரியின் பெயரை நிலைநிறுத்துவது ஆட்சிக்குழு தொடங்கும் பட்டப் படிப்புகளா? அது செய்யும் ஆசிரியர் நியமனங்களா? ‘ஆசிரியர் நியமனங்களே!’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து என்னை எப்படி மடக்கலாம் என்று குறிப்பெடுத்துக் கொண்டிருக்கும் அன்பு நண்பர்களே! அரங்கத்திலும், வீட்டுக் கூடத்திலே தொலைக்காட்சிக்கு முன்னாலும் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ரொம்ப அருமையாகப் பேசினார்கள். எங்க கல்லூரி ஆட்சிக்குழு ஒரே வருஷத்துல எத்தனை புதுப் படிப்பு கொண்டு வந்திருக்கு தெரியுமான்னு ஆரம்பிச்சு அடுக்கிக்கிட்டே போனாங்க. கணினி அறிவியல் இருக்கு, தரவு அறிவியல் இருக்கு, செயற்கை நுண்ணறிவு இருக்கு, பி.காம். மட்டும் ஏழு வகை இருக்கு... எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? ஓட்டல் ஞாபகம் வந்தது. (சிரிப்பு)

ஒரு ஓட்டலுக்குப் போனேன். வாசலிலே பெரிய போர்டு. நாற்பது வகை தோசை! எனக்கு ஒரே சந்தோஷம். உள்ளே போய் உட்கார்ந்து, “தம்பி, ஒரு பொடி தோசை கொண்டா”ன்னேன். “மாஸ்டர் லீவு சார்”ன்னான். “சரி, மசாலா தோசை?” “மாஸ்டர் வந்தாத்தான் சார்.” “ரவா தோசை?” “அதுக்கும் மாஸ்டர் வரணும் சார்.” எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப என்னதாம்பா இருக்கு இங்கே?”ன்னேன். “போர்டு இருக்கு சார்”ன்னான். (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே! நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பட்டப் படிப்பு என்பது போர்டு. ஆசிரியர் என்பவர் மாஸ்டர். நாற்பது தோசையும் போர்டில் இருக்கலாம். கல்லில் ஊற்றுகிறவன் இல்லாவிட்டால் நீங்கள் பசியோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

சரி, இந்த ஆட்சிக்குழு என்பது என்ன? வீட்டிலே இருக்கிற தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் உங்கள் பிள்ளையின் தலையெழுத்தை எழுதுவதில் பிரம்மாவுக்கு அடுத்தபடி அவர்கள்தான். ஒரு தனியார் கல்லூரி என்றால் அதற்கு ஒரு நிர்வாகம் இருக்கிறது. இந்தக் கல்லூரிகளுக்கென்று 1976-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமே போட்டார்கள். தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம். கல்லூரிக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், ஆசிரியரை நியமிப்பதும், தவறு செய்தால் நடவடிக்கை எடுப்பதும் அந்தக் குழுவின் பொறுப்பு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அப்புறம் 1978-ல் இங்கே தன்னாட்சிக் கல்லூரிகள் வந்தன. பாடத்திட்டம் நாமே போடலாம், தேர்வு நாமே நடத்தலாம், புதுப் படிப்புக்கு ஆட்சிக்குழுவே ஒப்புதல் கொடுக்கலாம் என்று ஆயிற்று. நல்ல விஷயம்தான். நான் குறை சொல்லவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தன்னாட்சிக் கல்லூரியாகவே இருந்தாலும் பட்டம் கொடுப்பது யார்? கல்லூரியா? இல்லை. பல்கலைக்கழகம்! பட்டச் சான்றிதழில் கல்லூரியின் பெயர் அச்சாகும். அவ்வளவுதான். முத்திரை பல்கலைக்கழகத்தின் முத்திரை. ஆக, பட்டத்தில் ஆட்சிக்குழுவின் பங்கு பாதி. ஆனால் ஆசிரியர் நியமனம்? அது முழுக்க முழுக்க அவர்கள் கையில். நேர்காணல் அறையின் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இருக்கிற ஐந்தாறு பேர் மனசாட்சிதான் சட்டம். அதனால்தான் சொல்கிறேன், ஒரு கல்லூரியின் யோக்கியதை வெளியே தெரிவது அது யாரை நியமித்தது என்பதில்தான்!

பட்டத்தைப் பற்றி நான் லேசாகப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. எனக்கும் பட்டம் இருக்கிறது. முனைவர் பட்டம்! நான் அதை வாங்கிய அன்று எங்கள் அம்மா தெரு முழுக்கப் போய், “எம் மவன் டாக்டராயிட்டான்”ன்னு சொல்லிட்டாங்க. மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் பாட்டி முழங்கால் வலின்னு வந்து திண்ணையில் உட்கார்ந்துட்டாங்க. “பாட்டி, நான் அந்த டாக்டர் இல்லை. தமிழ் டாக்டர்”ன்னேன். பாட்டி கொஞ்சம் யோசிச்சாங்க. “அப்படியா ராசா? தமிழுக்கு என்ன வியாதி?”ன்னு கேட்டாங்க. (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. கடைசியில் சொல்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். “பட்டம் இல்லாதவனை யார் மதிப்பார்கள்?” என்று. ஐயா, நான் உங்களைக் கும்பகோணத்துக்கு அழைத்துப் போகிறேன், வாருங்கள்.

1880-ம் வருஷம். கும்பகோணம் அரசுக் கல்லூரி. அங்கே தமிழாசிரியர் தியாகராச செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். உடம்பு சரியில்லை, ஓய்வு பெற வேண்டும். தன் இடத்துக்கு யார் வரலாம்? அவருக்குச் சொந்தக்காரர் இல்லையா, ஊர்க்காரர் இல்லையா? இருந்திருப்பார்கள். ஆனால் அவர் கண் திருவாவடுதுறை மடத்துப் பக்கம் போனது. அங்கே இருபத்தைந்து வயசு இளைஞர் ஒருவர். அதே மகாவித்துவானிடம் பாடம் கேட்டவர். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பி.ஏ. இல்லை, எம்.ஏ. இல்லை. பெயர் சாமிநாதன். செட்டியார் போய்க் கல்லூரித் தலைவர் கோபால ராவிடம், “என் இடத்துக்கு இவர்தான் தகுதி” என்று சொன்னார். அவர்களும், ‘உன் சான்றிதழ் எங்கே?’ என்று கேட்கவில்லை. ‘உனக்கு என்ன தெரியும்?’ என்று பார்த்தார்கள். நியமித்தார்கள்.

அந்த நியமனத்தால் என்ன ஆயிற்று? அந்த இளைஞர் கும்பகோணத்துக்கு வந்தார். வந்த அதே வருஷம் அந்த ஊருக்கு முன்சீபாக சேலம் இராமசாமி முதலியார் வந்து சேர்ந்தார். இவர் போய் அவரைப் பார்த்தார். “என்ன படித்திருக்கிறீர்கள்?” என்று முதலியார் கேட்க, இவர் தான் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று பெரிய பட்டியல் போட்டார். முதலியார் அசையவில்லை. “சிந்தாமணி படித்ததுண்டா? சிலப்பதிகாரம்? மணிமேகலை?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் ஐயா, தமிழின் தலையெழுத்தை மாற்றிய கேள்வி! ஒரு கல்லூரித் தமிழாசிரியருக்கு அன்றைக்குச் சிந்தாமணி கையில் கிடைக்காத காலம்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1887-ல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. 1889-ல் பத்துப்பாட்டு. 1892-ல் சிலப்பதிகாரம். 1894-ல் புறநானூறு. 1898-ல் மணிமேகலை. ஊர் ஊராக ஏடு தேடி அலைந்து, அந்த அலைச்சலுக்கு நடுவிலே வகுப்புக்கும் போய்ப் பாடம் சொன்ன ஒரு வாத்தியார் செய்த வேலை இது! சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது எப்போது தெரியுமா? 1932-ல். நியமனம் 1880. பட்டம் 1932. நடுவிலே ஐம்பத்திரண்டு வருஷம்! (கைதட்டல்)

அந்தப் பட்டம் வந்த பிறகுதான் வேலை கொடுப்போம் என்று கும்பகோணத்தில் உட்கார்ந்திருந்தால், சாமிநாதையருக்கு எழுபத்தேழு வயசில் வேலை கிடைத்திருக்கும். புறநானூறு எங்கே கிடைத்திருக்கும்? கரையான் வயிற்றில் கிடைத்திருக்கும்!

உடனே எதிரணி நண்பர், “இராமானுஜன் பட்டம் இல்லாமல் எவ்வளவு கஷ்டப்பட்டார் பார்த்தீர்களா? அதனால்தான் பட்டம் முக்கியம்” என்றார். நல்ல உதாரணம். ஆனால் அது என் கட்சி உதாரணம் ஐயா! அதே கும்பகோணம். அதே அரசுக் கல்லூரி. சாமிநாதையர் 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போகிறார். 1904-ல் இராமானுஜன் அங்கே மாணவராகச் சேருகிறார். கணக்கில் புலி. மற்ற பாடங்களில் தேறவில்லை. உதவித்தொகை போயிற்று. பிறகு பச்சையப்பன் கல்லூரியிலும் அதே கதை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா.

அவரை மேலே தூக்கிவிட்டது எது? பட்டமா? இல்லை. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு எடுத்த ஒரு முடிவு. பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கிடையாது என்பது விதி. அந்த விதியைத் தாண்டி, மாசம் 75 ரூபாய் கொடுத்து, ‘நீ உட்கார்ந்து கணக்குப் போடு’ என்று சொன்னார்களே, அந்த முடிவு! கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது 1916-ல். அங்கேயும் ஆள் முதலில், பட்டம் பிறகு.

இன்னும் ஒன்று சொல்லி இந்த வரலாற்றை முடிக்கிறேன். திருச்சியில் பிறந்த சர் சி.வி. இராமன் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி. கை நிறையச் சம்பளம். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தாரக்நாத் பாலித் கொடுத்த நன்கொடையில் ஒரு பேராசிரியர் பதவி. ஆசுதோஷ் முகர்ஜி, “நீங்கள் வர வேண்டும்” என்று இராமனை அழைத்தார். ஆனால் ஒரு நிபந்தனை. அந்தப் பதவிக்கு வருகிறவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும். இராமன், “பயிற்சிக்காக நான் வெளிநாடு போக மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். நம்ம ஊர் ஆட்சிக்குழுவாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? “அடுத்த ஆளைக் கூப்பிடப்பா”ன்னு மணி அடிச்சிருப்பாங்க! (சிரிப்பு) அங்கே நிபந்தனையைத் தளர்த்தினார்கள். 1917-ல் இராமன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு பேராசிரியராக வந்தார். 1930-ல் நோபல் பரிசு வந்தது. ஆளுக்காக விதி வளைந்தது. ஆனால் யாருக்காக வளைந்தது, எதற்காக வளைந்தது என்று பாருங்கள். விதி இன்றைக்கும்தான் வளைகிறது. மைத்துனருக்காக வளைகிறது!

அப்படியென்றால் ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? நம் முன்னோர் அதையும் சொல்லாமல் போகவில்லை. வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று 51-ம் அதிகாரம் வைத்தார். அடுத்ததாக ‘தெரிந்து வினையாடல்’ என்று 52-ம் அதிகாரம். முதலில் ஆளை ஆராய்ந்து தேறு. பிறகு வேலையைக் கொடு. நாம் என்ன செய்கிறோம்? முதலில் வேலையைக் கொடுத்துவிட்டு, பிறகு, ‘இந்த ஆள் யாரு?’ன்னு ஆராயறோம்!

பவணந்தி முனிவர் நன்னூலில் ஒருபடி மேலே போனார். நல்லாசிரியருக்கு இலக்கணம் சொன்னதோடு நிற்காமல், யாரையெல்லாம் ஆசிரியர் ஆக்கக் கூடாது என்று நான்கு உவமை சொல்லி எச்சரித்தார். ஒன்று, கழற்சிக்காய் போட்ட குடம். கழற்சிக்காயை ஒரு வரிசையில் போடுவீர்கள், கவிழ்த்தால் வேறு வரிசையில் கொட்டும். இவரும் அப்படித்தான். மூன்றாம் பாடத்தை முதலில் நடத்துவார், முதல் பாடத்தைத் தேர்வுக்கு முந்தின நாள் நடத்துவார். இரண்டு, கருக்கு மட்டை உள்ள பனைமரம். கிட்டே யாரையும் நெருங்க விடாது. தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். சந்தேகம் கேட்டால், “என்ன எதிர்த்துப் பேசுறே?”ன்னு பாய்வார். மூன்று, பஞ்சு அடைத்த குடுக்கை. அடைக்கிறதும் கஷ்டம், எடுக்கிறதும் கஷ்டம். படித்தது ஏராளம், வாயைத் திறந்தால் ஒன்றும் வராது. நான்கு, கோணல் தென்னை. தண்ணீர் ஊற்றுவது ஒருவன் தோட்டத்தில், காய் விழுவது அடுத்தவன் தோட்டத்தில். சம்பளம் கல்லூரியில், பாடம் டியூஷன் சென்டரில்! (பலத்த கைதட்டல்)

எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய நூல் ஐயா இது. பவணந்தியார் நம் ஊர்க் கல்லூரி ஒன்றில் ஒரு வாரம் தங்கியிருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்!

இது வரைக்கும் சிரித்தோம். இனி நான் சொல்லப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை. இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியில் தமிழ்த்துறைக்கு ஒரு ஆசிரியர் நேர்காணல். ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம். பாட வல்லுநராக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் கார் அனுப்பினார்கள். போனதும் முந்திரிப் பகோடா, காபி. நான் உட்கார்ந்த இடத்தில் மதிப்பெண் தாள். கூடவே மடித்த துண்டுச் சீட்டு ஒன்று. அதிலே பென்சிலால் ஒரு பெயர். அதன் கீழே ஒரு கோடு. பேசவே இல்லை ஐயா, யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கோடு மட்டும்தான்.

ஒரு பெண் வந்தாள். தறி நெய்கிறவர் மகள். ஒரு சங்கப் பாட்டைக் கொடுத்து, “வகுப்பில் நடத்துவது போல நடத்தும்மா” என்றோம். அவள் எங்களைப் பார்த்து நடத்தவில்லை. அறையின் மூலையில் காபி டம்ளர் எடுக்க நின்றாரே ஒரு அட்டெண்டர், அவரைப் பார்த்து நடத்தினாள். அவருக்குப் புரியணுமே என்று நடத்தினாள். பத்து நிமிஷம். அந்த மனிதர் டம்ளரை எடுக்க மறந்து நின்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதுதான் ஆசிரியர் என்று மனசு சொன்னது.

அடுத்து, கோடு போட்ட பெயர்க்காரர் வந்தார். அவருக்கும் பட்டம் இருந்தது. அதே எம்.ஏ., அதே எம்.ஃபில். குறிப்பேட்டைப் பார்த்து வாசித்தார்.

நேர்காணலுக்கு 20 மதிப்பெண். நான் அவருக்கு 17 போட்டேன். அந்தப் பெண்ணுக்கு 11 போட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

ஏன் போட்டாய் என்று கேட்பீர்கள். பணம் வாங்கினேனா? ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் என் அண்ணன் மகனுக்கு அந்தக் கல்லூரியில் பி.காம். சீட் கேட்டிருந்தேன். அந்த விண்ணப்பம் அவர்கள் மேஜையில் இருந்தது. ஒரு பட்டப் படிப்புக்கு இடம் வாங்க, ஒரு ஆசிரியரை விற்றேன் ஐயா. இன்றைக்கு இந்த மேடையில் பட்டமா நியமனமா என்று வாதம் செய்கிறோமே, அந்த வாதத்தை நான் பதினெட்டு வருஷத்துக்கு முன்னாலேயே நடத்தித் தப்பான தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

சீட் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து அண்ணன் மகன் வீட்டுக்கு வந்தான். பி.காம். படித்தாலும் பகுதி ஒன்றில் தமிழ் உண்டல்லவா? “எப்படிடா இருக்கு காலேஜ்?”ன்னேன். “எல்லாம் நல்லா இருக்கு சித்தப்பா. தமிழ் கிளாஸ்தான் போர். புதுசா ஒரு சார் வந்திருக்கார். நோட்ஸைப் பார்த்து வாசிச்சிக்கிட்டே போறார். யாரு சித்தப்பா இவரையெல்லாம் வேலைக்கு எடுத்தது?”ன்னு கேட்டான்.

யார் எடுத்தது? அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்ட என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி ஒரு கணக்குப் போட்டேன். ஒரு ஆசிரியர் முப்பது வருஷம் வேலை பார்ப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு இரண்டு வகுப்பு, வகுப்புக்கு அறுபது பேர். 120 பிள்ளைகள். முப்பது வருஷத்தில் 3,600 பிள்ளைகள். நான் போட்டது ஒரு கையெழுத்து. அதற்கு 3,600 பிள்ளைகள் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டும். ஒரு பட்டப் படிப்பு சரியில்லை என்றால் அடுத்த வருஷம் மூடிவிடலாம். நியமனம் சரியில்லை என்றால்? முப்பது வருஷம்!

அந்தப் பெண் என்ன ஆனாள்? சில வருஷமாக எங்கள் கல்லூரியில் முதலாண்டு சேரும் பிள்ளைகளிடம் முதல் நாள் ஒரு கேள்வி கேட்பேன். “தமிழை விரும்பி எடுத்தவங்க யாரு? யார் சொல்லி எடுத்தீங்க?” ஒரு வருஷம் இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னார்கள். அடுத்த வருஷம் மூன்று பேர் அதே பெயர். ஒரு அரசு மேல்நிலைப் பள்ளித் தமிழம்மா. “அந்த டீச்சர் நடத்தினா சத்துணவுக்கூடத்து ஆயாகூட ஜன்னல் பக்கம் வந்து நின்னு கேக்கும் சார்”ன்னு ஒரு பையன் சொன்னான். எனக்குத் தெரிந்துவிட்டது. ஊரும் பெயரும் விசாரித்தேன். அவளேதான். அந்தக் கல்லூரி இழந்ததை ஒரு அரசுப் பள்ளி எடுத்துக்கொண்டது. அவள் வளர்த்த செடிகள் என் வகுப்பில் பூக்கின்றன. பெருமை எனக்கு!

இந்த நிகழ்ச்சியை அந்த அம்மா பார்த்துக்கொண்டிருக்கலாம். அம்மா, அன்றைக்கு உங்களுக்கு 11 மதிப்பெண் போட்டவன் நான்தான். உங்களுக்கு என்ன குறை என்று நீங்கள் பல ராத்திரி யோசித்திருப்பீர்கள். உங்களிடம் ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம் இருந்தது. (அரங்கில் அமைதி, பிறகு நெடுநேரம் கைதட்டல்)

தயவுசெய்து கைதட்ட வேண்டாம். இது கைதட்டுவதற்காகச் சொன்னதல்ல.

அதற்குப் பிறகு எந்த நேர்காணலுக்குப் போனாலும் காபி குடிப்பதில்லை. துண்டுச் சீட்டு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தேன். இப்போது என்னை யாரும் கூப்பிடுவதே இல்லை! (சிரிப்பு)

நடுவர் அவர்களே! சகோதரி ஒரு உண்மையைச் சொன்னார்கள். தாலிக்கொடியை அடகு வைத்துப் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் தாய்க்கு வேலை கிடைக்கிற படிப்புதானே வேண்டும் என்றார்கள். அந்தத் தாயின் கண்ணீரை நான் மதிக்கிறேன். அவளுக்கு நல்ல படிப்பு வேண்டும்தான். ஆனால் படிப்பின் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம் அம்மா. ஆட்சிக்குழு ஒரு சாயங்காலம் கூடி, மசால் வடை ஆறுவதற்குள் ஐந்து புதுப் படிப்புக்கு விண்ணப்பம் எழுதிவிடலாம். அதை நடத்த ஐந்து ஆசிரியரைக் கண்டுபிடிக்க ஐந்து வருஷம் ஆகும். தாலிக்கொடி போனது போர்டுக்கா, பாடத்துக்கா என்பதுதான் கேள்வி.

இன்றைக்கு நிலைமை என்ன? விதியாவது ஒரு நிலையில் நிற்கிறதா? பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் ஆக முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்தது. 2023 ஜூலையில், நெட், செட் போன்ற தகுதித் தேர்வு போதும், முனைவர் பட்டம் விருப்பம்போல என்று மாற்றியது. நடுவிலே எத்தனை பேர் பட்டத்துக்காக ஓடினார்கள்! விதி எதுவாக இருந்தாலும் அது வாசற்படிதான். உள்ளே யாரை விடுவது என்று பார்க்கிற கண் அந்தக் குழுவுக்குத்தான் வேண்டும்.

இன்னொரு கொடுமை. நிரந்தரமாக ஒருவரை நியமிக்க மனசு வராமல், மணி நேரக் கணக்கில் ஆசிரியரை வைத்துக்கொள்வது. கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். பெயரில் மட்டும்தான் கௌரவம்! வகுப்புக்கு 1,500 ரூபாய், மாசம் 50,000 வரை கொடுக்கலாம் என்று 2019-ல் மானியக் குழு வழிகாட்டியது. எத்தனை இடத்தில் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்களைக் கேளுங்கள். மே மாசம் சம்பளம் இல்லாமல் இருக்கிறவர் ஜூனில் வந்து வகுப்பெடுக்கிறார். அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று தெரியாதவர் உங்கள் பிள்ளைக்கு எதிர்காலம் சொல்லிக் கொடுக்கிறார். வயிறு காய்ந்த மாட்டைக் கட்டி உழுதுவிட்டு, விளைச்சல் இல்லையே என்றால் என்ன நியாயம்?

ஆகவே பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஜூன் மாசம் பிள்ளையைச் சேர்க்கப் போவீர்கள். கட்டடத்தைப் பார்ப்பீர்கள், பஸ்ஸைப் பார்ப்பீர்கள், கேன்டீனைப் பார்ப்பீர்கள். படிப்புகளின் பட்டியலை வாங்கிப் பார்ப்பீர்கள். கூடவே ஒரு கேள்வி கேளுங்கள். “இந்தப் பாடத்தை என் பிள்ளைக்கு நடத்தப் போகிறவர் யார்? எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார்?” என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் சிரிப்பார்கள். ஆயிரம் பேர் கேட்டால் ஆட்சிக்குழு கூடும்!

ஆட்சிக்குழுவில் இருக்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் மைத்துனர் என்பதற்காக அவரிடம் ஆபரேஷன் செய்துகொள்வீர்களா? மாட்டீர்கள். ஊரிலேயே நல்ல டாக்டரைத் தேடுவீர்கள். உங்கள் வயிற்றுக்குக் காட்டுகிற அக்கறையை ஊரார் பிள்ளையின் மூளைக்கும் காட்டுங்கள். அதுக்கு மேல கேக்கலை.

எதிர்வீட்டுப் பாட்டி இப்போது இல்லை. இருந்தால் இன்றைக்குப் பதில் சொல்வேன். “பாட்டி, தமிழுக்கு ஒரு வியாதியும் இல்லை. கணக்குக்கும் இல்லை, விஞ்ஞானத்துக்கும் இல்லை. வியாதி இருந்தது நேர்காணல் அறையில். அந்த வியாதி எனக்கும் ஒரு தடவை வந்தது பாட்டி.”

பட்டத்தைப் பல்கலைக்கழகம் தரும். நல்ல ஆசிரியரைக் கல்லூரிதான் தர வேண்டும். எனவே ஒரு கல்லூரியின் பெயரை நிலைநிறுத்துவது அதன் ஆட்சிக்குழு செய்யும் ஆசிரியர் நியமனங்களே, நியமனங்களே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.